மேசையோரம் தூங்கியவள்

ஹார்லெம், 1663 ஜனவரி 12

அன்புள்ள அக்கா அலெய்டாவுக்கு,

கர்த்தரின் கிருபையால் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம். அங்கே நீயும் அத்தானும் அத்தானின் மூத்த தாரத்து மகள் சிபில்லாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். இந்தக் குளிருக்கு உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

சின்னவன் யோரிசுக்கு டிசம்பர் முழுக்கக் கக்குவான் இருமல். படுக்கவைத்தால் மூச்சு முட்டும். தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் கொஞ்சம் அடங்கும். ஆகவே நடந்தேன். அடுப்புக்கும் சன்னலுக்கும் நடந்த நடையை நேராக நடந்திருந்தால் உன் ஊருக்கே வந்து சேர்ந்திருப்பேன். இப்போது குழந்தை தேறிவிட்டான், ஸ்தோத்திரம்.

நடுவில் ஒருநாள், பட்டப்பகலில், மேசைமேல் கையை மடித்துத் தலையைச் சாய்த்தேன். ஒரு நிமிஷம் என்றுதான் நினைத்தேன். கண் திறந்தபோது வெயில் அடுத்த சன்னலுக்குப் போயிருந்தது. எதிரே இவர் மடியில் பலகையை வைத்து வரைந்துகொண்டிருக்கிறார்.

"அசையாதே குனேரா. அந்தக் கை அப்படியே இருக்கட்டும்."

"பிள்ளை எங்கே?"

"திரெய்ன்கிட்ட இருக்கான். இருமல் நின்னுடுச்சு. நீ தூங்கு."

கல்யாணமான நாள்முதல் இவர் என்னைப் பார்த்துத் தூங்கு என்று சொன்னது அன்றைக்குத்தான். விடுவேனா? தூங்கினேன்.

பிறகு என்னைச் சுற்றிப் பிள்ளைகளை உட்காரவைத்தார். மூத்தவள் ஹெஸ்தர் கையில் லூட், லீவென் கையில் குழல், வேலைக்காரி திரெய்னிடம் பிடில். எல்லாம் இவர் ஏலத்தில் பொறுக்கிய உடைசல்கள். லூட்டுக்கு நரம்பே கிடையாது. குழலில் வாய்விட்ட கீறல். ஊதினால் காற்றுதான் வரும், சத்தம் வராது. இந்த வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். பாத்திரம் கழுவும்போது நான் பாடுகிற தேவாலயப் பாட்டுதான் இங்கே உள்ள இசை. ஆனால் பாட்டுக் கச்சேரி நடக்கும் வீட்டுப் படங்களைத்தான் ஜனங்கள் வாங்குகிறார்களாம்.

படத்தை ஆம்ஸ்டர்டாம் வியாபாரியிடம் கொண்டுபோய், அங்கேயே கடைசி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். முடிந்த படத்தை நான் பார்க்கவில்லை. இங்கே இருந்தபோதும் இவர் வரைகிற மாடிக்குப் படியேற எனக்கு நேரம் ஏது?

தாள் தீர்கிறது. பள்ளிக்கூடம் போகாத கை, எழுத்தைச் சுருக்கத் தெரியவில்லை. உன்னையும் உன் வீட்டையும் ஆண்டவர் காக்கட்டும்.

உன் தங்கை,
குனேரா

*

ஹோர்ன், பிப்ரவரி 6

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் படகில் நனைந்து வந்தது. அடுப்போரம் காயவைத்துப் படித்தேன். யோரிஸ் பிழைத்தான் என்ற வரிக்கு வந்ததும் மடித்துவைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். எனக்கு முழங்கால் எப்போதும்போலத்தான். மாடிப்படி ஏறினால் திட்டும், இறங்கினால் இன்னும் திட்டும்.

அத்தான் ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒரு படம் வாங்கி வந்திருக்கிறார். கூடத்தில், சிபில்லா விரலால் தட்டி வாசிக்கும் விர்ஜினல் பெட்டிக்கு மேலே மாட்டியாயிற்று. ஒரு குடும்பம், ஆளுக்கொரு வாத்தியம், நடுவில் வீட்டுக்காரி தூங்குகிறாள். சிரிப்பதற்கென்றே வரைந்த படம். ஞாயிறு மாலை எங்கள் போதகரும் சில பெரியவர்களும் சாப்பிட வந்தார்கள். அத்தான் புகைக்குழாயின் காம்பால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "வீட்டுக்காரி கண்ணை மூடினா வீடு என்ன கதி ஆகுது, பாருங்க!" எல்லாரும் சிரித்தார்கள். பார்த்த முதல் நொடியில் நானும் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லிவிட்டேன். அப்புறம்தான் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

வேறு விசேஷம் இல்லை. உன் வீட்டுக்காரர் அந்த வியாபாரிக்குக் கொடுத்த படத்தில் மேசைமேல் என்னென்ன வரைந்தார் என்று உனக்குத் தெரியுமா? சும்மாதான் கேட்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அலெய்டா

*

ஹார்லெம், மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று சுகம் விசாரிக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன். பொறுத்துக்கொள். இங்கே உடம்பளவில் எல்லாரும் சுகம்.

ஈஸ்டர் திருவிருந்துக்கு முன் போதகரும் ஒரு மூப்பரும் வீடு வீடாக வருவார்களே, நேற்று எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் தெருவுக்கு மூப்பர் லாம்பெர்ட். துணி வெளுப்பவர், வயதானவர், எப்போதும் வாசலிலேயே நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார். நேற்று உள்ளே வந்து உட்கார்ந்தார்.

போதகர்தான் பேசினார். "குனேரா, உங்க வீட்ல பாட்டும் குடியுமா இருக்குன்னு கேள்வி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வீட்லங்களா ஐயா?"

"சிரிக்காதே. வேற ஊர்ல ஒரு கௌரவமான வீட்ல ஒரு படம் தொங்குது. நீ குடிச்சுட்டு மேசையில கிடக்கறே. கையோரம் கவுந்த கோப்பை. கீழே சீட்டுக்கட்டு. சுத்திப் பிள்ளைங்க கூத்தடிக்குதுங்க."

"அது படந்தானே ஐயா. இருமற பிள்ளையைத் தூக்கித் தூக்கி அசந்து தூங்கிட்டேன். அதை இவர் வரைஞ்சார்."

"முகம் உன் முகம். உன்னை நல்லாத் தெரிஞ்சவங்க வாயாலேயே வந்த பேச்சு."

நான் எழுந்துபோய் அந்த லூட்டை எடுத்து வந்து மூப்பர் லாம்பெர்ட்டின் மடியில் வைத்தேன். "வாசிங்க ஐயா."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நரம்பே இல்லையேம்மா."

"அதுதான் ஐயா இந்த வீட்டுப் பாட்டு."

மூப்பர் வாய்க்குள் சிரித்தார். போதகர் சிரிக்கவில்லை. "படத்துல நரம்பு இருக்காம்" என்றார்.

முடிவு இதுதான். மற்றவர்களுக்கு இடறலாகாதபடி இந்த ஈஸ்டருக்கு நான் திருவிருந்து மேசைக்கு வரக்கூடாது. பெந்தெகொஸ்தே பண்டிகைக்குள் காரியம் தெளிவாகாவிட்டால் பிரசங்க பீடத்திலிருந்தே என் பெயரை வாசிப்பார்கள். அக்கா, வருஷத்தில் நாலு தடவை அந்த மேசையில் போய் உட்காருகிறேன். அங்கே யாரும் என்னிடம் எதையும் எடுத்து வா என்று சொல்வதில்லை. எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

அவர்கள் போனதும் இவரைக் கேட்டேன். "ஏங்க, கோப்பையும் சீட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

"வியாபாரி கேட்டான், வச்சேன். எல்லாரும் வைக்கறதுதான். வீட்ல பொண்டாட்டி பிள்ளைகளை உட்காரவைக்காத வரையறவன் இந்த ஊர்ல யாரு, சொல்லு."

அதுவும் உண்மைதான். மூன்று தெரு தள்ளியிருக்கிற ஒருவர் தன் மாமியாரையே பெண்களைக் கூட்டிவிடும் தரகுக்காரியாக வரைந்திருக்கிறார். அந்த அம்மாள் படத்தை ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்படுகிறாள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

அக்கா, இந்த ஊருக்கு வெளியே என் முகத்தை நன்றாகத் தெரிந்தவர் உன்னைத் தவிர யார் இருக்கிறார்? யோசித்துப் பார்க்கிறேன். உனக்கு யாராவது தோன்றினால் எழுது.

உன் ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்.

குனேரா

*

ஹார்லெம், மார்ச் 29

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. முழங்கால் வலி அதிகமாகிவிட்டதோ, படகுகள்தான் ஓடவில்லையோ என்று நினைத்துக்கொள்கிறேன். எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

ஈஸ்டர் முடிந்தது. எல்லாரும் எழுந்து மேசைக்குப் போனார்கள். நான் பலகையிலேயே உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டிப் போகிறவர்கள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. திரும்பி வரும் வழியில் ஹெஸ்தர் கேட்டாள்:

"அம்மா, நீங்க ஏன் போகல?"

"கால் வலிடி."

"வீட்டுக்கு நடந்துதானே வர்றீங்க?"

கோவிலிலிருந்து வரும் வழியிலேயே பெற்ற பெண்ணிடம் பொய் சொன்னேன். அதையும் என் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

மீன் சந்தையில் கேட்கவே வேண்டாம். "என்ன குனேரா, இன்னிக்கு உங்க வீட்ல பிடில் சத்தமே காணோம்?" என்கிறாள் ஒருத்தி. "பாவம், இப்பத்தான் எழுந்திருப்பா, விடு" என்கிறாள் இன்னொருத்தி. இவள் பிரசவத்துக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது நான்தான். மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நல்ல மீன்கூட இல்லை.

இவர் பாவம், சத்தமில்லாமல் இருக்கிறார். நேற்று தானே தண்ணீர் இறைத்து வந்து வைத்தார். எனக்கு அதைப் பார்த்துப் பயம் வந்தது.

ஒரு வரியாவது எழுது.

குனேரா

*

ஹோர்ன், ஏப்ரல் 9

அன்புத் தங்கைக்கு,

இரண்டு கடிதங்களும் கிடைத்தன. இங்கே சௌகரியம்தான். காற்று அதிகம். படகுக்காரரிடம் ஒரு பாலாடைக்கட்டி உருண்டை கொடுத்து அனுப்புகிறேன், சீரகம் போட்டது, லீவெனுக்குப் பிடிக்கும். அத்தான் உப்பு வாங்க பிரான்ஸ் பக்கம் போகக் கப்பல் ஆயத்தம் செய்கிறார். சிபில்லா ஒரு புதுப் பாட்டு பழகுகிறாள், ஒரே இடத்தில் தப்புகிறாள், திரும்பத் திரும்ப அதே இடம்.

நீ கேட்டதை மறக்கவில்லை. கை வலிக்கிறது, இத்துடன் நிறுத்துகிறேன்.

அலெய்டா

*

ஹார்லெம், ஏப்ரல் 17

அக்காவுக்கு,

பாலாடைக்கட்டி வந்தது. பிள்ளைகள் நன்றி சொல்லச் சொன்னார்கள்.

நான் கேட்டதை விட்டுவிடு. யார் சொன்னார்கள் என்று தெரிந்து என்ன செய்யப்போகிறேன்? சிரிக்கும்போது மனிதர்கள் எதையாவது சொல்லிவிடுவார்கள்.

பெந்தெகொஸ்தேக்கு நாள் நெருங்குகிறது. போதகரிடம் போனேன். நீ எப்படித் தூங்கினாய் என்று பார்த்த சாட்சி வேண்டும் என்கிறார். பார்த்தவர் இவர் ஒருவர். வரைந்து விற்றவரே இவர்தான், இவர் சாட்சி எப்படிச் செல்லும்? படத்தையாவது காட்டலாம் என்றால் அது யார் வீட்டில் இருக்கிறதோ.

அசதியாக இருக்கிறது, அக்கா. ஆனால் பகலில் கண்ணை மூடப் பயமாக இருக்கிறது. நேற்று நூல் கோத்துக்கொண்டே தலை கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. லீவென் ஓடிவந்து என் தோளைப் பிடித்து ஆட்டினான். "அம்மா, தூங்காதீங்க, யாராவது பார்த்துடுவாங்க!"

எல்லாருக்கும் என் வாழ்த்துகள்.

குனேரா

*

ஹோர்ன், ஏப்ரல் 27

குனேரா,

அத்தானின் கப்பல் திங்கட்கிழமை புறப்பட்டது. வர ஆறு வாரம் ஆகும்.

இதைக் கொண்டுவரும் படகில் அத்தானின் பழைய கப்பல் பாய்த்துணியில் சுற்றிய ஒரு பொதி இருக்கும். நானும் சிபில்லாவும் நாற்காலி போட்டு ஏறிக் கழற்றினோம். என் முழங்கால் பட்ட பாடு கேட்காதே. சிபில்லா கேட்டாள், "சித்தி, அப்பா வந்து கேட்டா?" ஆணி இருக்கிறது, அதைக் காட்டு என்றேன்.

மூப்பர்களிடம் காட்டு. அதற்கு முன் நீ மட்டும் ஒருமுறை பார்.

சின்ன வயதில் நாம் ஒரே படுக்கையில் தூங்கினோம். அம்மாவோடு நாள் முழுக்கத் துணி துவைத்துவிட்டு வந்து விழுந்தால், நீ கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையைப் பொத்திக்கொள்வாய். எத்தனை இழுத்தாலும் பிரியாது. குடித்தவர்களின் கை அப்படி இருக்காது, விரிந்து தொங்கும். எங்கள் துறைமுகத்தில் தினமும் பார்க்கிறேன். படத்திலும் நீ விரலை மடக்கியிருக்கிறாய். அன்றிரவு அதைப் பார்த்ததிலிருந்து அந்தக் கூடத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்குமேல் எழுதக் கை வரவில்லை. நீயும் கேட்காதே.

அலெய்டா

*

ஹார்லெம், மே 4

என் அக்காவுக்கு,

நீ அனுப்பியது நனையாமல், கீறாமல் வந்து சேர்ந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் சுகம்.

பொதியைப் பிரித்ததும் இவருக்கு எங்கிருந்து வந்தது என்ற யோசனைகூட இல்லை. "அடடா, பாரேன், எவ்வளவு நல்லா வந்திருக்கு!" என்று சன்னலோரம் சாய்த்துவைத்து முன்னும் பின்னும் நடந்தார். பிறகுதான் பாய்த்துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஹோர்னா?" என்றார். ஆமாம் என்றேன். பாய்த்துணியை நாலாக மடித்து ஓரமாக வைத்தார்.

அவர் வெளியே போனபிறகு நான் மட்டும் உட்கார்ந்து பார்த்தேன்.

அக்கா, தான் தூங்குகிறதைத் தானே பார்த்தவர் யார் இருக்கிறார்? நான் பார்த்தேன். ஒரு பக்கத்துக் கன்னம் கையில் நசுங்கி, வாய் கொஞ்சம் கோணி, தலைத்துணி நழுவி. ஹெஸ்தர் லூட்டைக் குழந்தை மாதிரி பிடித்திருக்கிறாள். திரெய்ன் பிடிலை வைத்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறாள். ஒரு குரங்கு என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. எங்கள் வீட்டில் ஏது குரங்கு? அத்தனை சத்தத்துக்கு நடுவில் அந்தப் பெண் தூங்குகிறாள். அவளைப் பார்க்கப் பார்க்க, இன்னும் கொஞ்ச நேரம் யாரும் எழுப்பாமல் இருக்க வேண்டுமே என்றுதான் தோன்றியது. அது நான் என்பது அப்புறம்தான் நினைவு வந்தது.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். "அந்தக் கோப்பையை அழிச்சிடுங்க."

"அழிச்சுட்டு?"

"ஒண்ணும் வேண்டாம்."

"மேசை வெறுமையாவா? ஒரு வேதப்புத்தகம் வைக்கட்டுமா?"

"புத்தகம் படிக்காம தூங்கறான்னு சொல்வாங்க."

"தையல் துணி?"

"வேலை செய்யாம தூங்கறான்னு சொல்வாங்க."

தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். சண்டைக்காகச் சொல்லவில்லை, அவர் தொழிலை நினைத்துத்தான் சொன்னார்: "கோப்பையை எடுத்துட்டா அது வெறும் களைச்சுப் போன பொம்பளை குனேரா. அதை யாரு காசு குடுத்து வாங்குவா?"

அடுப்பில் பட்டாணி கருகும் வாசனை வந்தது, எழுந்து போய்விட்டேன்.

பிறகு தண்ணீர்த் தொட்டியருகே வந்து நின்று, காலையில் அழித்துவிடுகிறேன், மூப்பர்கள் சுத்தமான படத்தையே பார்க்கட்டும் என்றார். வேண்டாம் என்றேன். அழித்துவிட்டுக் காட்டினால் அது பொய். உள்ளதை உள்ளபடி பார்த்துவிட்டு அவர்கள் என்ன சொல்கிறார்களோ சொல்லட்டும். வியாழக்கிழமை வருகிறார்கள்.

உன் முழங்காலுக்குச் சூடான மணல் ஒத்தடம் கொடு.

குனேரா

*

ஹார்லெம், மே 16

என் அக்காவுக்கு,

உன் ஜெபம் வீண்போகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை போதகரும் மூப்பர் லாம்பெர்ட்டும் வந்தார்கள். படத்தை நாற்காலியில் நிறுத்தியிருந்தேன். போதகர் பார்த்ததும் கோப்பையைக் காட்டினார். "நான் சொன்னது சரிதானே."

இவர் முன்னால் வந்தார். நாலு பேர் முன்னால் பேசத் தெரியாதவர், தொப்பியைக் கசக்கிக்கொண்டே பேசினார். "ஐயா, அன்னிக்கு அந்த இடத்துல இருந்தது வெங்காயச் சாறு. பிள்ளைக்கு மருந்து. கரண்டி கவுந்து கிடந்துச்சு. கோப்பை நான் பின்னால வச்சது. சீட்டும் நான்தான். குரங்கும் நான்தான். தூக்கம் மட்டும் அவளோடது."

நான் நீ எழுதியதைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. என்னோடு ஒரே படுக்கையில் வளர்ந்தவர் சாட்சி என்று மட்டும் சொல்லி, மடங்கிய கட்டைவிரலைக் காட்டினேன். போதகர் குனிந்து பார்த்தார். மூப்பர் லாம்பெர்ட் குனியவில்லை. அவர் வந்ததிலிருந்து அந்த முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுக்காரி இப்படித்தான் தூங்குவா" என்றார். "நான் எழுப்பிடுவேன்."

அவர் மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது.

பிறகு போதகர் தொண்டையைக் கனைத்தார். பார்க்கிறவர்களுக்கு இடறல் இல்லாதபடி கோப்பையை எடுத்துவிட்டால் தமக்குத் தடை இல்லை என்றார். இவர் அங்கேயே வர்ணம் குழைத்தார். இரண்டு பெரியவர்களும் போக மறந்து, ஆட்டம் பார்க்கிற பிள்ளைகள் மாதிரி பின்னால் நின்றார்கள். கோப்பை போனது, மேசைவிரிப்பு வந்தது. மூப்பர் லாம்பெர்ட்டுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அந்தச் சீட்டையும் எடுத்துடுப்பா." எடுத்தார். "அந்தக் குரங்கு?"

"குரங்கு இருந்துட்டுப் போகட்டும் ஐயா. நல்லா வந்திருக்கு."

போதகரே சிரித்துவிட்டார்.

வாசலில் விடைபெறும்போது போதகர், யார் முதலில் சொன்னது என்று உனக்குத் தெரிய வேண்டுமா என்று மெல்லக் கேட்டார். வேண்டாம் ஐயா என்றேன்.

பெந்தெகொஸ்தே அன்று மேசைக்குப் போனேன். அக்கா, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். எத்தனை நாள் ஏங்கிய நாள்! பிரசங்கம் நீண்டது, சன்னல் வழியாக வெயில் முதுகில் விழுந்தது, எனக்குக் கண் சொருகிவிட்டது. பக்கத்துப் பெண் முழங்கையால் இடித்தாள். நான் திடுக்கிட்டு எழுந்து நடந்தேன். ஆண்டவர் கோபித்துக்கொண்டிருக்கமாட்டார். மீன் சந்தையில் என்ன சொல்வார்களோ, சொல்லட்டும்.

வர்ணம் காய்ந்ததும் படத்தை அனுப்பிவைக்கிறோம். அது அத்தான் பணம் கொடுத்து வாங்கியது. அவருக்குக் கோப்பை வேண்டுமென்றால் திரும்பப் போட்டுத் தருவதாக இவர் சொல்கிறார். நானும் தடுக்கமாட்டேன். சபையார் உண்மையைத் தெரிந்துகொண்டார்கள், அது போதும். உனக்கு அத்தானிடம் சங்கடம் வரக்கூடாது.

குனேரா

*

ஹோர்ன், ஜூன் 25

என் குனேராவுக்கு,

படம் வந்து ஐந்தாம் நாள் அத்தானும் வந்தார், வெயிலில் கருத்து, நல்ல பசியோடு. நாங்கள் எல்லாரும் சௌக்கியம். ஒத்தடம் கேட்டது.

சாப்பிட்டு முடித்துப் புகைக்குழாயைப் பற்றவைத்தவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தபடியே இருந்தார்.

"அலெய்டா, என் கோப்பை எங்கே?"

"எடுத்தாச்சு."

"எடுத்தாச்சா? நான் காசு குடுத்து வாங்கினது ஒரு குடிகாரியை."

"நீங்க வாங்கினது என் தங்கச்சியை."

எழுந்தார், உட்கார்ந்தார். யாரைக் கேட்டுச் செய்தாய் என்றார். ஆம்ஸ்டர்டாமில் தெரிந்தால் சிரிப்பார்கள் என்றார். திரும்ப அனுப்பிக் கோப்பையைப் போட்டு வரச் சொல் என்றார். அனுப்புங்கள், அதே படகில் நானும் போகிறேன், வரும்போது சேர்ந்து வருகிறோம் என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் உப்புப் புளித்துவிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டு, "குரங்காவது இருக்கே" என்றார்.

நேற்று ஞாயிறு. எங்கள் போதகரும் அன்றைக்கு வந்த அதே பெரியவர்களும் சாப்பிட வந்தார்கள். சிபில்லா விர்ஜினல் பெட்டியைத் திறந்து வாசிக்க உட்கார்ந்தாள். அத்தான் பழக்கத்தில் குழாய்க்காம்பை நீட்டி ஆரம்பித்துவிட்டார். "பாருங்க, வீட்டுக்காரி கண்ணை மூடினா..." காம்பு கோப்பை இருந்த இடத்துக்குப் போய் அந்தரத்தில் நின்றது.

போதகர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இங்க ஏதோ இருந்துச்சே. இப்ப இதுக்கு என்ன அர்த்தம்?"

எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"அர்த்தம் ஒண்ணும் இல்லை ஐயா. அன்னிக்கு இதே இடத்துல நின்னு, இது எங்க குனேராதான்னு நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். நீங்க ஹார்லெம் போய் அங்க இருக்கற போதகர்கிட்டச் சொன்னீங்க. இன்னிக்குச் சிரிக்காம சொல்றேன், இதையும் கொண்டுபோய்ச் சொல்லுங்க. இவ என் தங்கச்சி. பிள்ளைக்குக் கக்குவான். நாள் கணக்காத் தூக்கம் இல்லாம இப்பத்தான் கண் அசந்திருக்கா."

அத்தான் குழாயைக் கீழே வைத்துவிட்டார். போதகர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். கூடத்தில் சிபில்லா வாசிப்பது மட்டும்தான் கேட்டது. புதுப் பாட்டு, நல்ல சத்தமாக.

"சிபில்லா," என்றேன், "கொஞ்சம் மெதுவா வாசிம்மா."

அவள் மெதுவாக வாசித்தாள். விருந்தாளிகள் போகும்வரை ஒருவரும் குரலை உயர்த்தவில்லை.

பிள்ளைகளை என் பெயர் சொல்லி அணைத்துக்கொள். வேலை எல்லாம் அப்படியே கிடக்கட்டும், நீ கொஞ்சம் தூங்கு.

உன் அக்கா,
அலெய்டா